இன்னும் மூணு இறக்கணும்

"ரெண்டாயிரத்துப் பதினாலாம் வருஷத்து வண்டிதான் வேணும். பதினஞ்சும் வேண்டாம், பதினாறும் வேண்டாம்" என்றார் ரகுநந்தன்.

பாலக்கரையில் பழைய ஜீப்புகளை வாங்கி விற்கும் ஹாலித் சிரித்தார். "அதையேதான் சார் அவரும் சொல்றாரு. என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பதினாலு."

'அவர்' அந்த ஜீப்புக்குள் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, ஐம்பதைத் தாண்டிய ஆள். பின்பக்கம் எதிரெதிராக இருந்த இரண்டு நீள சீட்டுகளுக்கு நடுவே, தரையில் மல்லாந்து படுத்து, காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு பாய் இது? ஜீப்பு வாங்க வந்தாரா, தூங்க வந்தாரா?"

"மருதைன்னு பேரு. பச்சமலைக்காரர். காலையிலேருந்து பின்பக்கத்தையே அளந்துகிட்டு இருக்காரு. இன்ஜினை எட்டிக்கூடப் பாக்கல."

ரகுநந்தனுக்கு எரிச்சலாக இருந்தது. இன்சூரன்ஸ் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து மூன்று மாதமாக அவர் படித்ததெல்லாம் இந்த ஜீப்பைப் பற்றித்தான். பதினாலில் வந்த வண்டியில் சென்சார் தொல்லை கிடையாது. எந்த மணலிலும் திணறாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு கொள்ளிடத்தில் இறங்கி ஏற அதை விட்டால் வேறு கிடையாது.

மருதை எழுந்து வந்தார். "பதினஞ்சுல பின் சீட்டு எப்படிங்க பாய்?"

"முன்னாடி பாக்கிற மாதிரி திருப்பிட்டாங்க. சொகுசா இருக்கும்."

"அப்ப நடுவுல நீட்டமா எதுவும் போட முடியாது. வேணாங்க. இதையே எடுத்துக்கிறேன்."

ஹாலித் தலையாட்டினார். மருதையின் போன் அடித்தது. சுவரோரமாகப் போனார். ரகுநந்தன் டயரைக் குனிந்து பார்ப்பதுபோல அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"ஆமாப்பா, கெடச்சிருச்சு. போன மாசந்தான் ரெண்டு போச்சே, பாதி வழியிலேயே… இந்த மாசம் இன்னும் மூணு இறக்கணும். ராத்திரின்னாலும் இறக்கித்தான் ஆவணும்… செக்போஸ்ட்டா? அவங்க நிறுத்தமாட்டாங்க. விஷயம் தெரிஞ்சா தானா கம்பத்தைத் தூக்கி விட்ருவாங்க."

ரகுநந்தன் நேராக ஹாலித்திடம் போனார்.

"பாய், ஆளு சரியில்ல. மலையிலேருந்து எதையோ இறக்கறாங்க. மரமோ, சாராயமோ. அதுவும் ராத்திரியில. செக்போஸ்ட்டையும் சரிக்கட்டியாச்சு. என் காதால கேட்டேன்."

ஹாலித்தின் முகம் வெளுத்தது. "ஐயோ, வேணாம் சார். ஏற்கெனவே நான் வித்த வண்டி ஒண்ணு மணல் கேஸ்ல மாட்டி, ஒரு வருஷம் ஸ்டேஷனுக்கு நடந்தேன்."

"அதனாலதான் சொல்றேன். எனக்கொண்ணும் இல்ல. இது இல்லேன்னா வேற வண்டி."

சொல்லும்போதே அவர் விரல்கள் பையிலிருந்த செக் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தன.

ஹாலித் மருதையைக் கூப்பிட்டார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வண்டியை சார் நேத்தே சொல்லிவெச்சிட்டாரு. நான்தான் மறந்துட்டேன்."

"இப்பத்தானே தரேன்னீங்க? அவசரம்ங்க பாய். ஊரே காத்துக்கிட்டிருக்கு."

ஹாலித் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் இல்லை.

மருதை ஜீப்பின் பின்கதவைச் சாத்தினார். பிறகு ரகுநந்தன் பக்கம் திரும்பினார்.

"சார், நாலு நாள் ஓட்டிப் பாத்துப் பிடிக்கலேன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. வேற யாருக்கும் குடுத்துராதீங்க."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, ரகுநந்தனிடமே பேனா வாங்கி, பின்பக்கம் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

"உள்ள ஏதோ எழுதியிருக்கே?"

"டிரைவருக்காக எழுதினதுங்க. வண்டியே இல்ல, இனி எதுக்கு?"

மருதை தூறலில் நனைந்துகொண்டே துறையூர் பஸ்ஸுக்கு நடந்தார்.

செக் கொடுத்து ஜீப்பை எடுத்துக்கொண்டு ரகுநந்தன் காவிரிப் பாலத்தில் வரும்போது மழை வலுத்தது. ஜீப் ஜம்மென்று போனது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் ரகுநந்தனை அரித்தது. 'சந்தேகம் வந்ததால் சொன்னேனா, வண்டி வேண்டும் என்பதால் சந்தேகப்பட்டேனா?' ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

ஸ்ரீரங்கத்தில், வீட்டு வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்துவிட்டு அவர் மனைவி சத்யபாமா சொன்னாள்: "சித்திரை வீதியில குடியிருந்துண்டு, மலை ஏற வண்டி! நன்னாயிருக்கு."

ஈரச் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தவள், பையிலிருந்து அந்தத் தாளை உருவினாள்.

"யாரோட நம்பர்னா இது?"

"அவன் ஒரு கடத்தல்காரன். கிழிச்சுப் போடு."

அவள் தாளைத் திருப்பினாள். நெற்றி சுருங்கியது.

"கடத்தல்காரனா? பொம்மனாட்டிகள் பேரா எழுதியிருக்கே. மேல, 'ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டியவங்க'ன்னு போட்டிருக்கு. பக்கத்துல பிரசவத் தேதி."

ரகுநந்தன் துண்டால் தலை துவட்டுவதை நிறுத்தினார்.

"முதல் ரெண்டு பேரையும் கோடு போட்டு அடிச்சிருக்கு. செல்லக்கிளி, 'தூளியில் தூக்கி வரும்போது, வழியில் மரணம்.' பொன்னுத்தாய், அதுவும் 'வழியில்.' ஐயோ பெருமாளே…"

"படி. மேல படி" என்றார்.

"மூணாவது பிரேமலதா. அடைப்புல 'என் மகள்'னு எழுதியிருக்கு. தேதி…"

சத்யபாமா நிமிர்ந்து சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"ஏன்னா, நாளைக்குத்தான்!"