டேக் யுவர் டைம்

குமுதவல்லி கரூரில் தன் வீட்டில் அமர்ந்து, கடல் கடந்த ஓர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவள். அன்று மறுமுனையில் ஒரு டாக்டரும், நவரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துப் பெரியவரும் இருந்தார்கள். பெரியவரின் மனைவிக்குக் கருவிதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் சத்தம் யாரோ மணலில் நடப்பதுபோல் குமுதவல்லியின் காதுக்குள் வந்து வந்து போனது. கருவியை எடுத்துவிட முந்தின நாளே பெரியவர் சம்மதித்திருந்தார்.

டாக்டர் ‘டைம்’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி இதற்குமுன் எத்தனை முறை மயங்கினார் என்று கேட்டபோது குமுதவல்லி அதைத் தடவை என்றாள். எவ்வளவு நாள் சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்றபோது காலம் என்றாள்.

“ஐம்பத்திரண்டு வருசம், பிள்ளை,” என்றார் பெரியவர்.

பிறகு டாக்டர் மெதுவாக, “இட்ஸ் டைம்,” என்றார்.

நேரம் வந்துவிட்டது என்பதைக் குமுதவல்லி மனதுக்குள் மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

“டொக்டர் என்னவாம், பிள்ளை?”

அவள் தயங்குவதைக் கேட்ட டாக்டர், “டேக் யுவர் டைம்,” என்றார். அதைத் தன்னிடம் சொன்னாரா பெரியவரிடம் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரியவருக்கே கொடுத்தாள்.

“அவசரமில்லையாம் ஐயா. பக்கத்துல உக்காந்து பேசுங்க.”

நாற்காலி நகர்ந்தது.

“இஞ்ச பாரும் மலர், வெளியில வெயில் வந்திட்டுது. கால்ல சப்பாத்தைப் போடும், கொஞ்சம் நடந்திட்டு வருவம்.”

அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது குமுதவல்லியின் வேலை. அவள் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.