பாவாத்தாள் நின்ற இடம்

அன்று பாவாத்தாள் குடை பிடித்திருந்தாளா, முக்காடு போட்டிருந்தாளா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் நின்ற இடம் மட்டும் நினைவிருக்கிறது. ஆடுகள் மேய்ந்து தேய்ந்துபோன மேய்ச்சல் நிலத்தை வேலியடைத்து, புல் விதைத்து, அது எவ்வளவு வந்திருக்கிறது என்று அளப்பது என் வேலை. முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு சதுர இரும்புச் சட்டத்தைத் தோளுக்கு மேலாக எறிய வேண்டும். அது விழும் இடங்களில் ஒன்றில்கூட வெறும் மண் இருக்கக் கூடாது. இருந்தால் இன்னொரு வருடம் பூட்டு. தடை ஆடுகளுக்குத்தான் என்பதால், பாவாத்தாள் தினமும் தன் ஆட்டு மந்தையை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, நடுவில் நின்று புல்லைப் பார்த்துவிட்டுப் போவாள்.

எறிந்த இடமெல்லாம் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் இருந்தது. ஒரு வீச்சுதான் பாக்கி.

“எம்பக்கமாப் போடுங்க தம்பி. இங்கதானுங்க நல்லா வந்திருக்குது.”

“பாத்துப் போடக்கூடாதுங்கக்கா.”

“அப்ப முதுகுல ஒரு கண்ணத் தொறந்து வெச்சுக்கங்க.”

சிரித்துக்கொண்டே எறிந்தேன். திரும்பியபோது சட்டம் அவள் காலடியில் கிடந்தது. அவள் விலகினாள். உள்ளே ஒரு புல்கூட இல்லை. தினமும் அவள் நின்று நின்று இறுகிய மண்.

“இது நாந்தானுங்களே,” என்றாள். “இதையும் கணக்குல சேப்பீங்களா?”

நான் நோட்டைத் திறந்து ‘வெறும் மண்’ என்று எழுதிக்கொண்டேன்.

நிலம் அடுத்த வருடம்தான் திறந்தது. அதற்குள் பாவாத்தாள் ஆடுகளை விற்றுவிட்டு நூல் மில்லுக்குப் போயிருந்தாள். நான் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தேன். அவள் நின்ற இடத்திலும் புல் வந்துவிட்டது.