இறங்கும் நாள்

கப்பல் கரை சேர இன்னும் ஒரே நாள்தான் இருந்தது. கேபினுக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த வங்கி மேலாளர், கையிலிருந்த பூப்போட்ட நீச்சலுடையைப் பார்த்ததும் பொங்கிவிட்டார்.

"பத்து நாளா நானும் பார்த்துட்டுதான் இருக்கேன். விடிஞ்சா நீச்சல்குளம், சாயங்காலம் ஆனா டான்ஸு. எல்லாம் அந்தப் பக்கத்து கேபின் ஆளோட!"

"அவர் நல்லா ஆடுறாரு. நானும் ஆடினேன்."

பதில் வந்ததே தவிர, நகத்துக்குச் சிவப்புப் பாலிஷ் போடுவது நிற்கவில்லை.

"வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கத் தெரியாது? உன் பெட்டியைக்கூட நான்தான் அடுக்க வேண்டியிருக்கு. இதோ பார், நாளைக்கு இறங்கினதும் அந்த ஆளோட நம்பரை அழிச்சுடணும்!"

"இப்பவே அழிச்சுடறேன். இனிமே அது எதுக்கு?"

குரலில் ஒரு பெருமூச்சு கலந்திருந்தது. மேலாளருக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, சீக்கிரம் வாங்க! உங்க ஆளு கோட்டு சூட்டோட வந்து நிக்கிறாரு."

"உங்க ஆளா?" மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா, உன்னால நம்ம குடும்ப மானமே கப்பலேறுது!"

அம்மா நகத்தை ஊதிக்கொண்டே எழுந்தாள்.

"ஏறினா என்னடா? நாளைக்கு அதையும் கூட்டிக்கிட்டு நீ இறங்கிடு. என் துணியை மட்டும் திரும்ப அலமாரியில வை. நாங்க ரெண்டு பேரும் அடுத்த ட்ரிப்புக்கும் டிக்கெட் போட்டாச்சு."