சோடா லாரிக்கு ஒரு கை

"எறங்குலே கீழ! லாரி ஓட்டுதானாம் லாரி!"

சிவபாலன் அண்ணாச்சி போட்ட சத்தத்தில் ஏரல் பஜாரே திரும்பிப் பார்த்தது. மண்டை பிளக்கிற வெயிலில், நட்டநடு ரோட்டில், அவருடைய சோடா லாரி மறுபடியும் நின்றுவிட்டது. டிரைவர் மந்திரமூர்த்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார்.

லேசுப்பட்ட லாரியா அது? மூக்கு நீண்ட அந்தக் காலத்து வண்டி. உப்பளத்து ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்ததை அண்ணாச்சி தூக்கிவந்து, நீல பெயின்ட் அடித்து, ரெண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு வைத்து, உள்ளே ஐஸ் பெட்டியும் உச்சியில் ஆளுயர பாட்டிலுமாக ஜோடித்திருந்தார். புதிதாகத் தொடங்கியிருந்த 'சங்குமுத்து இஞ்சி சோடா'வுக்கு அதுதான் விளம்பரம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்து என்ன பிரயோசனம்? நாலு தெரு நடந்தால் மாப்பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

"எல்லாரும் ஒரு கை குடுங்கய்யா!" அண்ணாச்சி கீழே இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

நம் ஊர்க்காரனிடம் ஒரு சோடா வாங்கிக் குடி என்று சொல்லிப் பாருங்கள், விலையை மட்டும் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவான். நின்றுபோன வண்டியைத் தள்ளச் சொல்லுங்கள், கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவான். வாழைக்காய் மண்டிக்காரர், ஜவுளிக்கடை ஆட்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி கடைத்தெருக் கடைசிவரை தள்ளினார்கள். அண்ணாச்சியும் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்த பிறகு, லாரி ரெண்டு இருமல் இருமிக் கிளம்பியது.

வேப்பமர நிழலில் ஓரங்கட்டியதும் தள்ளினவர்கள் நாக்கு வறண்டு சோடா சோடா என்று மொய்த்தார்கள். மந்திரமூர்த்தி அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் காதில் அண்ணாச்சி அத்தனை பேர் முன்னாலும் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ வண்டி நின்னுச்சு, சாவியக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருலே!"

ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. துறைமுகத்து கன்டெய்னர் லாரிக்காரர்கள் 'வயசாயிட்டு, வீட்ல இருங்க' என்று அனுப்பிவிட்டார்கள். மகள் காலேஜில் கடைசி வருஷம். இந்த வேலையும் போனால் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

வீட்டில் மனைவி செல்வராணிதான் கொதித்தாள். "நிக்கது அவரு வண்டி, ஏச்சு மட்டும் ஒங்களுக்கா? ரிப்பேர் பாக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லாமலா இருக்கேன்? பாப்போம் பாப்போம்ங்காரு."

"அவரு பாக்க மாட்டாரு. நீங்களே பாத்துட்டு வாங்க."

இத்தனைக்கும் அந்த லாரி எல்லா நாளும் மக்கர் பண்ணுகிறது என்றும் சொல்ல முடியாது. அண்ணாச்சி கல்யாண வீட்டுக்குப் போன அன்றைக்கு, மந்திரமூர்த்தி தனியாகச் சாயர்புரம் போனார். லாரி ஒரு தும்மல்கூட இல்லாமல் போய்த் திரும்பியது. கொண்டுபோன சோடாவும் அப்படியே திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சிக்குத் தெரியாமல் லாரியை மாப்பிள்ளையூரணி ஜெஸ்டின் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த மெக்கானிக் ஜெஸ்டின், மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து லாரியைக் குடைந்து எடுத்துவிட்டான்.

"அண்ணே, இங்க வாங்க. அந்தப் பக்கத்து சீட்டுக்கடியில சின்னதா ஒரு சுவிட்சு கெடக்கு. எஞ்சினுக்குப் போற வயரு இதுவழியாத்தான் போகுது. லேசா இடிச்சாலே ஆஃப் ஆயிருது."

"அது எதுக்குடே அங்கன?"

"பழைய வண்டில்லா, எவன் எப்ப மாட்டுனானோ! அண்ணாச்சி ஒடம்பு கனத்துக்கு சீட்டு அமுங்கி அமுங்கி இடிச்சிருக்கும்."

சுவிட்சைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு வயரை நேராக முறுக்கி டேப் சுற்றினான். மந்திரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சியிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. முதலாளி முகத்தைப் பார்த்து 'ஒங்க ஒடம்புதான் கோளாறு' என்று எந்த டிரைவர் சொல்லுவான்?

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் சுட்டது. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எள் போட்டால் எள் விழாத கூட்டம். லாரி தேர் மாதிரி ஜம்மென்று அதற்குள் நுழைந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அண்ணாச்சி குனிந்து சீட்டுக்கடியில் கையை விட்டுத் துழாவினார்.

"செருப்பு கழண்டுட்டா அண்ணாச்சி?"

அண்ணாச்சி மறுபடியும் துழாவினார். லாரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது, மார்க்கெட்டைத் தாண்டியது, ஆளில்லாத பீச் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. இந்த வேலைக்கு இனி ஆபத்தில்லை என்று மந்திரமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி? நேத்து லீவுல நானே ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோய் சரி பண்ணிட்டேன். இனிமே மெட்ராஸ் வரைக்கும் போனாலும் எங்கயும் நிக்காது!"

அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக இவர் பக்கம் திரும்பினார்.

"ஏலே, யாரக் கேட்டு சரி பண்ணுன?"