செவுள் சிவந்த கொடுவா

"கொடுவா எப்படிக்கா?" என்று கேட்டாள் மெரின்.

"எடுத்துக்க கண்ணு. மொதப் போணி, கேட்டுட்டு எடுக்காமப் போவாத," என்றாள் கூடைக்குப் பின்னால் குந்தியிருந்த அஞ்சம்மாள்.

"மீனு புதுசுதானா?"

"நல்லா கேட்ட போ! எங்க மாமியா குந்தி வித்த எடம் இது. இங்க பழசு விப்பனா? செவுளத் தூக்கிப் பாரு, ரத்தமாட்டம் இருக்கும்."

மெரின் சிரித்தபடி செவுளை நெம்பினாள். அது திறக்கவில்லை. ரப்பர் மீனில் செவுளைச் சிவப்புக் கோடாக வரைந்துதான் வைத்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் அஞ்சம்மாளின் வாய் முந்திக்கொண்டிருந்தது.

சுற்றுலாக் கூட்டம் கைதட்டியது. வழிகாட்டி ஜூலியன் மைக்கைப் பிடித்தான்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துல புதுச்சேரிக்குப் போறவங்க இங்கதான் தோணி ஏறுவாங்க. கரையிலயே சந்தை கூடும். பாலம் வந்துது, சந்தை அழிஞ்சிபோச்சு. அதுக்கு எங்க மியூசியம்தான் உயிர் குடுத்திருக்கு."

பாலம் வந்தபிறகும் சந்தை கூடிக்கொண்டுதான் இருந்தது. இந்த மியூசியம் கட்ட இடம் வேண்டுமென்று பொக்லைன் வந்த அன்றுதான் அழிந்தது. அஞ்சம்மாளின் அன்னக்கூடை அதன் சக்கரத்தடியில் நசுங்கியது.

கூட்டம் நகர்ந்தும் மெரின் நகரவில்லை. "நெஜமாவே இங்க மீன் வித்தீங்களாக்கா?"

ஜூலியன் திரும்பி முறைத்தான். பழைய கதையை எடுத்தால் வேலை இருக்காது என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தான்.

"ஐய, நான் எங்க வித்தேன்?" என்றாள் அஞ்சம்மாள். "எல்லாம் இந்தத் தம்பி சொல்லிக் குடுத்ததும்மா."