ஏழு பேர் போதும்

பந்து வலைக்குள் போய்விட்டது. கோட்டோரம் நின்ற கோச் தமயந்தி பந்தைப் பார்க்கவில்லை.

ஜெனிட்டாவின் கையைப் பார்த்தாள்.

கோல் கம்பத்தின் அடியில் மண்டியிட்டிருந்தாள் ஜெனிட்டா. இடது கையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அழவில்லை.

தமயந்தி கோட்டைத் தாண்டி ஓடினாள். கையுறையைக் கழற்றியபோது சுண்டுவிரல் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஆறாவது கோல். இன்னும் பாதி ஆட்டம் பாக்கி.

நடுவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தமயந்தி மேடம், மாத்தறதுக்கு உங்ககிட்ட ஆள் இல்ல. இந்தப் பொண்ணு வெளிய போனா ஆறு பேரு. ஏழுக்குக் கீழ போனா ஆட விட முடியாது, ரூல் அது. முடிச்சுக்கலாமா?"

நல்ல மனிதர். குரலில் இரக்கம் இருந்தது.

அந்த இரக்கம்தான் தமயந்திக்குப் பிடிக்கவில்லை.

எதிரே பதினொரு பேர் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார்கள். இவள் பக்கம் ஏழு.

காலையில் இவளுக்கும் முழு டீம் இருந்தது.

கல்லூரி ஆண்டு விழாவும் இன்றைக்குத்தான். தாளாளர் நேற்றுதான் கூப்பிட்டுச் சொன்னார். சிறப்பு விருந்தினரை வரவேற்க உயரமான பிள்ளைகள் வேண்டும், கால்பந்துப் பிள்ளைகள்தான் சரி. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பட்டுச் சேலை. கையில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம்.

"மேட்ச் அடுத்த வருஷமும் வரும்மா. அவர் வருவாரா?"

காலையில் கல்லூரி வாசலில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். தமயந்தி யாரையும் கூப்பிடவில்லை. பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரு வரிசைக்கும் நடுவே நடந்து, வெளியே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.

முதலில் வந்தவள் ஜெனிட்டா. பன்னீர்ச் செம்பைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக இன்னும் ஆறு பேர்.

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள்மேல் தமயந்திக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

மைதானத்துக் கழிப்பறையில் சேலையை அவிழ்த்துவிட்டு ஜெர்சியை மாட்டினார்கள். பாண்டீஸ்வரியின் பின்னலில் மல்லிகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேப் சுத்தி விடுங்க மேம். நான் நிக்கறேன்," என்றாள் ஜெனிட்டா. உதட்டில் நிறமே இல்லை. "ஒரு ஊசி போட்டா வலி தெரியாதுல்ல?"

ஊசி.

கோவாவில் ஒரு கிளப்புக்கு கோல்கீப்பராக இருந்தபோது தமயந்திக்கும் போட்டார்கள். அரையிறுதிக்கு முன்னால், தோளில். வலி தெரியவில்லை. ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கை தலைக்குமேல் எழவே இல்லை. கிளப்பிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

"இந்தக் கையோட நீ கோல்ல நிக்கக் கூடாது."

"மேம்..."

"கூடாதுன்னா கூடாது."

அப்போதுதான் ஜெனிட்டா அழுதாள்.

"பாதியில விட்டுட்டு வந்துட்டீங்களான்னு சிரிப்பாங்க மேம். இதுக்குத்தான் விழாவ விட்டுட்டு ஓடுனீங்களாம்பாங்க."

தமயந்தியின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. தாளாளர். காலையிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். இந்த முறை எடுத்தாள்.

அவர் பேசியதை முழுவதும் கேட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதையும் கேட்டாள்.

"சரி சார். நாளைக்குத்தான? இன்னைக்கு நான்தான் கோச்."

போனை அணைத்துப் பையில் போட்டாள்.

பிறகு குனிந்து, ஜெனிட்டாவின் சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து, நிதானமாக டேப் சுற்றினாள்.

"ஓட முடியுமா? உண்மையச் சொல்லு."

ஜெனிட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கால்ல ஒண்ணும் இல்ல மேம்."

"அப்ப பாண்டிகிட்ட கையுறையக் குடு. நீ நடுக்கோட்டுல போய் நில்லு. கீழ இறங்கி வராத. பந்து வந்தா ஓடு. முடியலன்னா கையத் தூக்கு. ஆட்டம் முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரி."

ஜெனிட்டா ஒருநாளும் முன்வரிசையில் ஆடியதில்லை. பாண்டீஸ்வரி ஒருநாளும் கையுறை போட்டதில்லை. இருவரும் அங்கேயே ஜெர்சியை மாற்றிக்கொண்டார்கள்.

தமயந்தி நடுவரிடம் திரும்பினாள்.

"ஏழு பேருதான சார் வேணும்? எண்ணிக்குங்க."

விசில் ஒலித்தது.

ஏழாவது கோல் விழுந்தது. எட்டாவதும் விழுந்தது. பாண்டீஸ்வரி விழுந்த இடத்திலெல்லாம் மல்லிகை உதிர்ந்து கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எப்போது சிரிப்பை நிறுத்தியது என்று தமயந்திக்குத் தெரியாது. அவள் தொண்டை கட்டிப்போய்க் கோட்டோரமாகவே ஓடிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு பாண்டி! எழுந்திரு!"

அடுத்த பந்து பாண்டீஸ்வரியின் நெஞ்சில் வந்து மோதியது. இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டாள். எழுந்தாள். தன் கைக்குள் பந்து இருப்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"அடி! மேல அடி!"

அடித்தாள்.

எதிரணி மொத்தமும் இந்தப் பாதியில்தான் இருந்தது. பந்து எல்லோர் தலைக்கும் மேலே போனது. நடுக்கோட்டைத் தாண்டித் தரையில் குத்தி எழும்பியது. அதன் பின்னால் ஜெனிட்டா மட்டும் ஓடினாள், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்தபடி.

தமயந்தி ஓடுவதை நிறுத்திவிட்டாள்.

எதிரணியின் கோல்கீப்பரை அவள் இப்போதுதான் பார்த்தாள். ஆட்டம் முழுக்க வேலையில்லாமல் நின்றிருந்த ஒரு பெண். கம்பத்திலிருந்து முதுகை எடுத்து, கொஞ்சம் முன்னால் வந்து, முழங்காலை மடக்கிக் கைகளை விரித்தாள்.

அவ்வளவு தூரத்திலிருந்தும் தமயந்திக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் பயந்துவிட்டாள்.