மூன்று எண்ணுவதற்குள்

"ஏங்க, இந்த மதில் கவசம்னு சொல்றாங்களே, அது எப்படிங்க வேலை செய்யுது?"

பக்கத்து நாற்காலிப் பெண் என்னைக் கேட்டார். செவ்வாய்ப்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் குழந்தைகளுக்கான மந்திர அட்டை விளையாட்டு. இறுதி ஆட்டத்துக்கு மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். இதில் ஜெயிக்கிறவர் கோயமுத்தூரில் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? மகளுக்கு ஜோடியாக ஆடி ஆடி எனக்கே அத்தனை மந்திரமும் மனப்பாடம்.

"அது லேசுதானுங்க. அந்தப் பக்கம் ஒருத்தர் யாளியை இறக்கித் தாக்க வாராங்கன்னு வெச்சுக்கோங்க. இந்தப் பக்கம் கவச அட்டையைத் திருப்பிப் போட்டு, 'கல்லே எழு, மதிலே நில்'லுன்னு சொல்லோணும். சொல்லிட்டா மதில் எழும்பிரும். யாளி அதுல மோதித் திரும்பிப் போய், தாக்குனவங்க கோட்டையவே இடிச்சிரும். ஆட்டமே தலைகீழாயிருமுங்க."

"வாயால சொல்லணுமா? அட்டையைக் காட்டினா போதாதா?"

"அதெப்படிப் போதும்? தாக்கறவங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவாங்க. மூணு வாரதுக்குள்ள மந்திரம் முடிஞ்சிருக்கோணும். ஒரு சொல் மிச்சம் இருந்தாலும் கவசம் செல்லாதுங்க."

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது.

"அந்த நீலச் சட்டை எம் பையன், மாதேஷ். அயோத்தியாப்பட்டணம் எங்களுக்கு. எப்பவும் அவங்கப்பாதான் கூட்டிட்டு வருவாரு. இன்னிக்குத்தான் நான் வந்தேன்" என்றார்.

அவனுக்கு எதிரே உட்காரப்போவது என் மகள் வெண்ணிலா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

வெண்ணிலாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவள் எண்ணுகிற வேகம் சங்ககிரியில் எங்கள் தெருவுக்கே தெரியும். 'ஒண்ணுரெண்டுமூணு' என்று ஒரே மூச்சு. என்னையே ஒரு நாளும் கவசம் சொல்ல விட்டதில்லை.

ஆட்டம் சூடு பிடித்தது. பையனும் லேசுப்பட்டவன் இல்லை. இவள் ஒரு கோட்டையை இடித்தால் அவன் ஒன்றை இடித்தான். கடைசியில் ஆளுக்கு ஒன்றுதான் மிச்சம். நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன்.

வெண்ணிலா நெருப்பு யாளியை இறக்கினாள். மாதேஷ் அட்டையைத் திருப்பினான். மதில் கவசம்.

"ஒண்ணு" என்றாள் வெண்ணிலா.

அதோடு நிறுத்திவிட்டாள். ரப்பர் பேண்டைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, முடியை அள்ளி மறுபடி கட்ட ஆரம்பித்தாள்.

எனக்குப் பகீரென்றது.

"எண்ணும்மா" என்றார் நடுவர்.

"ரெண்டு" என்றவள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். மூடி கீழே விழுந்தது. மேசைக்கடியில் குனிந்து தேடினாள்.

"சினிமாவா காட்டறே? எண்ணு பாப்பா" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

மாதேஷின் அம்மா பல்லைக் கடித்தார். "வேணும்னே பண்ணுது பாருங்க. ஜெயிச்சிருவோம்கிற திமிரு. எம் பையனைத் தவிக்க விட்டு வேடிக்கை பாக்குது. பெத்தவ என்னதான் வளர்த்தாளோ. யாரு பொண்ணுங்க அது?"

"தெரியலீங்களே" என்றேன்.

மாதேஷின் முதுகுதான் எங்கள் பக்கம் இருந்தது. தோள் இரண்டும் விறைத்திருந்தன.

"இன்னும் இழுத்தீன்னா வெளிய அனுப்பிருவேன்" என்றார் நடுவர்.

வெண்ணிலா மூடியைக் கண்டுபிடித்தாள். ஊதினாள். துடைத்தாள். மெதுவாகத் திருகினாள். மாதேஷின் தோள்கள் தளர்ந்தன.

"மூணு."

நடுவர் கையை உயர்த்தினார். "சொல்லி முடிச்சாச்சு. கவசம் செல்லும்."

வெண்ணிலாவின் கடைசிக் கோட்டை போயிற்று. மண்டபமே கைதட்டியது. மாதேஷின் அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "அலட்டலுக்குக் கிடைச்சது பாத்தீங்களா" என்று மேடைப் பக்கம் ஓடினார்.

நான் மகளிடம் போனேன்.

"கையில இருந்த கோயமுத்தூரைத் தூக்கிக் குடுத்துட்டியேடி. முடி கட்டற நேரமா அது?"

"வேர்த்துச்சும்மா."

"தண்ணி?"

"தாகமா இருந்துச்சு." கண் கலங்கித்தான் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊட்டுக்குப் போலாம் வாம்மா."

நான் பையை எடுக்கும்போது, கோப்பையும் கையுமாக மாதேஷ் ஓடி வந்தான். பின்னாலேயே அவன் அம்மா. என்னையும் வெண்ணிலாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் பொண்ணுதானுங்க" என்று அசடு வழிந்தேன்.

மாதேஷ் வாயைத் திறந்தான். உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. வெண்ணிலா அவசரப்படாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அ... அக்கா. கா... காலையில ம... மந்திரத்தை முடிக்க முடியாம எனக்கு ஒரு கோ... கோட்டை போச்சே. அப்ப நீங்க பி... பின்னாடி நின்னு பாத்தீங்கதானே?"

வெண்ணிலா செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாதேஷ் மூச்சை இழுத்து விட்டுச் சொன்னான்.

"அடுத்த தடவை எனக்கும் வே... வேகமாவே எண்ணுங்கக்கா. நான் சொ... சொல்லிப் பழகிட்டு வர்றேன்."